பாப்பாரப்பட்டி வீட்டு ஆர்ஓவும் ஒரு சின்னத் திருகும்

"மெஷினு ஓடிக்கிட்டேதான் இருக்குது, தண்ணிதான் ரொம்ப மாட்டேங்குது. காலையில போட்டா மத்தியானம் வரைக்கும் ஆவுது" என்று அம்மா போனில் சொன்னார். ஆறு வருடத்து ஆர்ஓ, குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின். சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு), பம்ப், அடாப்டர், ஃபில்டர் எல்லாம் மாற்ற 6,500 ரூபாய் ஆகும், அதற்குப் பதில் எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் வந்து பார்க்கிறேன், அதுவரை யாரையும் கை வைக்க விட வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை காலை ஓசூரிலிருந்து பைக்கில் கிளம்பினேன். ராயக்கோட்டை, பாலக்கோடு, அங்கிருந்து பாப்பாரப்பட்டி. ஊர் அதற்கும் கொஞ்சம் உள்ளே. பையில் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர், அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி, டெஃப்லான் டேப். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது, அதைவிட விலை குறைந்த மல்டிமீட்டர் இருப்பதில்லை. என்னைக் கேட்டால் மிக்சிக்கு அடுத்தபடியாக வீட்டில் இருக்க வேண்டிய கருவி அதுதான். ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று நாமே பார்த்துத் தெரிந்துகொண்டால், அடுத்தவர் சொல்லும் விலை சரியா என்று நிதானமாக யோசிக்க முடியும்.

இந்த மெஷின் விஷயத்தில் எனக்கு அவசரம் இருந்ததற்குக் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பாறைக்குள்ளேயே ஃபுளோரைடு இருக்கிறது. கிரானைட், நைஸ் (gneiss) பாறைகளின் விரிசல்களில் வருடக்கணக்காகத் தங்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது, போர்வெல் அதைத்தான் மேலே கொண்டுவருகிறது. அதனால்தான் என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இருக்கும். பல் தேய்க்காததால் வந்த கறை என்று வெளியூரில் நினைப்பார்கள். அது தேய்த்துப் போகிற கறை கிடையாது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில் விழுந்துவிடுகிற அடையாளம். எட்டு வயதுக்குள் குடிக்கும் தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது. அம்மாவோடு இப்போது அக்கா மகளும் இருக்கிறாள். அவளுக்கு நாலு வயது.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு கூடினால் பல்லிலும் எலும்பிலும் வரும் நோய்) பாதிப்புக் குறைப்பு என்று இருக்கும், ஜப்பான் கடனுதவியோடு கட்டியது. அந்தத் தண்ணீர் வருகிற நாளில் எங்கள் வீட்டில் அதைத்தான் குடிப்பார்கள், நானும் அதையே குடிக்கச் சொல்வேன். காவிரித் தண்ணீரை ஆர்ஓவில் ஊற்றி மூன்றில் இரண்டு பங்கைச் சாக்கடைக்கு விடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும். ஆனால் எங்கள் தெரு மேட்டில் கடைசியில் இருக்கிறது. வராத நாட்களுக்கு போர்தான், போர் என்றால் ஆர்ஓ வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அது இன்னும் கெட்டிப்படும். யூவி விளக்கும் இதற்கு ஆகாது, அது கிருமியைக் கொல்லத்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்துவிடுவது என் பழக்கம். கழற்றி மாட்டிய பிறகு "முன்னைக்குப் பரவாயில்லை" என்று சொல்வதற்கு, முன்னே எவ்வளவு என்று நோட்டில் இருக்க வேண்டும். போர்த் தண்ணீர் டிடிஎஸ் 1120. சுத்தத் தண்ணீர்க் குழாயைத் தொட்டியிலிருந்து உருவி ஜாடியில் ஒரு நிமிடம் பிடித்தேன்: 35 மிலி. பத்து லிட்டர் தொட்டி நிரம்ப நாலே முக்கால் மணி நேரம், அம்மா சொன்ன கணக்கு சரியாக இருந்தது. கழிவுக் குழாயில் நிமிடத்துக்கு 120 மிலி. சுத்தத் தண்ணீரில் டிடிஎஸ் பேனாவை வைத்தேன்.

480.

நான் எதிர்பார்த்தது 100, மெம்பரேன் பழசாகிவிட்டது என்று வைத்தால் 150. பேனாவைக் கழுவி மறுபடி வைத்தேன், மறுபடியும் 480தான்.

பின்பக்கம் மூடியைக் கழற்றினேன். மெம்பரேன் குழலுக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய பைப் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வு இருக்கும், நடுவில் ஒரு திருகு. டிடிஎஸ் கண்ட்ரோலர் என்பார்கள், சில சர்வீஸ்காரர்கள் டேஸ்ட் வால்வு என்பார்கள். அது பாதிக்கு மேல் திறந்திருந்தது. இந்த வால்வு செய்கிற வேலை இதுதான்: மெம்பரேனுக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதியை மெம்பரேனைத் தாண்டவிடாமல் குறுக்கு வழியில் எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும். கார்பன் ஃபில்டரையும் சல்லடை ஃபில்டரையும் தாண்டியதால் அது பார்க்கத் தெளிவாக இருக்கும். உப்பும் ஃபுளோரைடும் அப்படியே இருக்கும்.

"இதை யாரும்மா திருப்பினாங்க?"

"தண்ணி சப்புனு இருக்குதுன்னு சொன்னேன். அவருதான் திருப்பி உட்டாரு. அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு."

திருகை வலப்பக்கம் முழுக்க மூடிவிட்டு மறுபடி அளந்தேன். டிடிஎஸ் 130-க்கு இறங்கியது. வரத்தும் 35-லிருந்து 22 மிலிக்கு இறங்கியது. அப்போதுதான் முழுக்கதையும் புரிந்தது. மெம்பரேன் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் குறையைக் குறுக்கு வழித் தண்ணீர் கொஞ்சம் ஈடுகட்டி மறைத்துவிட்டது. தொட்டிக்குப் போனதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் போர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை நாளாகக் குழந்தைக்கு ஃபில்டர் தண்ணீர் என்று கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சர்வீஸ்காரர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ 600 டிடிஎஸ் தண்ணீருக்கு இந்த வால்வைக் கொஞ்சம் திறந்துவைப்பதில் தப்பில்லை. எல்லா ஊருக்கும் ஒரே பயிற்சி கொடுத்து, எல்லா ஊருக்கும் ஒரே மெஷினை விற்கிறார்கள். ஃபுளோரைடு உள்ள ஊரில் இந்தத் திருகைத் தொடாதே என்று மெஷின் மேல் ஒரு வரி ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை.

டிடிஎஸ் பேனாவைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை அளந்து, கரைந்திருக்கும் மொத்த உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அதில் எது ஃபுளோரைடு, எது சமையல் உப்பு என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5. டிடிஎஸ் 1000 இருக்கும் தண்ணீரில் இந்த ஒன்றரை மில்லிகிராம் மீட்டரின் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும். 500-க்குக் கீழே இருந்தால் நல்ல தண்ணீர் என்று மீட்டரை வைத்து முடிவு செய்வது நம் மாவட்டத்தில் ஆகவே ஆகாது. 400 காட்டும் போரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம்.

அதனால் பள்ளியில் வேதியியல் நடத்தும் நண்பரிடமிருந்து கள ஆய்வுப் பெட்டியை வாங்கிவந்தேன். ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறார்களே, அதே மாதிரிதான். குழாயில் தண்ணீரை அளந்து ஊற்றி, சிவந்த திரவத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஃபுளோரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். கூடக்கூட மஞ்சளுக்குப் போகும். மூன்று குழாயை ஜன்னல் ஓரத்தில், வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் நிறுத்தினேன். போர்த் தண்ணீர் நல்ல மஞ்சள், பெட்டியோடு வரும் நிற அட்டையில் 2-க்கும் 3 மில்லிகிராமுக்கும் நடுவில். தொட்டியில் மிச்சம் இருந்த பழைய "சுத்த" தண்ணீர் ஆரஞ்சு மாதிரி, 1-ஐத் தாண்டி 1.5-க்குள். ஊராட்சிக் குழாயில் பிடித்துவைத்திருந்த ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் ரோஜாப்பூ நிறத்தில் நின்றது. அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கு அந்த ரோஸ் கலர்தான் வேணும்" என்றாள்.

அம்மா அந்த மூன்று குழாயையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் மெஷினை மேசைக்குக் கொண்டுவந்தேன். பைப்பைக் கழற்றும் முறை தெரியாமல் இழுத்துத்தான் பாதி மெஷின்களில் எல்போ என்கிற வளைந்த இணைப்பு உடைகிறது. பைப் நுழையும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். அதை நகத்தால் உள்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு பைப்பை இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்துவிடும். திரும்ப மாட்டும்போது பைப் முனையை பிளேடால் நேராக வெட்டிக்கொள்ள வேண்டும், சாய்வாக இருந்தால் கசியும். கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

முதலில் அடாப்டர். பம்ப் ஓடாதபோது 24 வோல்ட் காட்டியது, பம்ப்பை இணைத்ததும் 16-க்கு விழுந்தது. வெறுமனே அளந்து பார்த்திருந்தால் நல்லா இருக்கிறது என்று விட்டிருப்பேன். எந்த அடாப்டரையும் சுமை கொடுத்துத்தான் அளக்க வேண்டும். டப்பா ஒட்டி மூடியது, இணைப்பில் கத்தியை வைத்து மெதுவாகத் தட்டிப் பிளந்தேன். உள்ளே 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டரின் தலை உப்பிப் போயிருந்தது, ஓரத்தில் செத்த எறும்புகள். இதைச் செய்பவர்கள் ஒரு எச்சரிக்கையை மறக்கக் கூடாது: மின்சாரம் வரும் பக்கத்தில் 400 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது உதைக்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை அதன் இரண்டு காலிலும் சில நொடி வைத்து வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். புது கெப்பாசிட்டர் 12 ரூபாய், 105 டிகிரி தாங்கும் வகை. நெகட்டிவ் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பற்றவைத்தேன். பம்ப்போடு 23.6 வோல்ட் நின்றது. வரத்து 22-லிருந்து 30 மிலி ஆனது.

மாற்றச் சொன்ன பம்ப்பில் எந்தக் குறையும் இல்லை. வோல்ட் வந்ததும் சத்தமே மாறிவிட்டது.

அடுத்து, கழிவுக் குழாயில் இருக்கும் விரல் நீள உருளை. எஃப்ஆர் (ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்) என்பார்கள், மேலே 450 என்று அச்சடித்திருக்கும். நிமிடத்துக்கு 450 மிலி கழிவை விட வேண்டும் என்று அர்த்தம். இங்கே வந்தது 120. உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தது. மெஷின் கெட்டுப்போனதற்கு மூலகாரணம் இந்த ஐம்பது ரூபாய்ச் சாமான்தான் என்பது என் முடிவு. மெம்பரேன் பிரித்து நிறுத்தும் உப்பைக் கழுவிக்கொண்டு போவது அந்தக் கழிவுத் தண்ணீர். அது குறைந்தால் உப்பு மெம்பரேன் மேலேயே படியும். கழிவு குறைவாக வருகிறதே, தண்ணீர் மிச்சமாகிறது என்று அம்மா அப்போது சந்தோஷப்பட்டிருக்கிறார். வருடம் ஒரு முறை ஜாடியை வைத்துக் கழிவை அளந்தாலே மெம்பரேனின் ஆயுள் கூடும்.

மெம்பரேன் குழலின் மூடி கைக்கு அசையவில்லை, ஸ்பேனர் போட்டுத் திறந்தேன். தண்டைக் குறடால் பிடித்து இழுத்ததும், முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் பொருக்கோடு வந்தது. புதுசு வாங்குவதற்கு முன்னால் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பொருக்கு கரைந்திருந்தது, வரத்து 70 மிலி வரை ஏறியது. ஆனால் டிடிஎஸ் 130-லிருந்து 210 ஆகிவிட்டது. மெம்பரேன் களைத்துவிட்டது, இனிமேல் நம்ப முடியாது. வேறு ஊராக இருந்தால் இன்னும் ஆறு மாதம் ஓட்டியிருப்பேன், எங்கள் ஊரில் ஓட்ட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக்குப் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஒன்றில் 80 ஜிபிடி மெம்பரேன் 1,150-க்கு வாங்கினேன். ஜிபிடி என்பது ஒரு நாளைக்கு எத்தனை காலன் என்ற கணக்கு. 80 என்றால் சுமார் 300 லிட்டர், அது சோதனைச்சாலையில் வருவது. நம் தண்ணீரில் அதைவிடக் குறையத்தான் வரும். சல்லடை ஃபில்டர் 130, கார்பன் 260, எஃப்ஆர் 50, எல்போ இரண்டு 30, டேப் 10, கெப்பாசிட்டர் 12. மொத்தம் 1,642 ரூபாய்.

மெம்பரேன் மாட்டும்போது, இரண்டு சின்ன ரப்பர் வளையம் இருக்கும் முனை உள்ளே போக வேண்டும். ரப்பரில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு, எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். நான் தண்ணீரில் நனைத்தே தள்ளினேன், போகாவிட்டால் கிளிசரின் ஒரு சொட்டு. எஃப்ஆர் மேல் அம்புக்குறி இருக்கிறது, ஓட்டத் திசையைப் பார்த்து மாட்ட வேண்டும். முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டேன், புது மெம்பரேனில் கெடாமலிருக்கப் போட்ட மருந்து இருக்கும்.

மூன்றாவது தொட்டியில் அளந்தேன். வரத்து நிமிடத்துக்கு 160 மிலி, கழிவு 440 மிலி, சுத்தத் தண்ணீர் டிடிஎஸ் 58. பத்து லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்தில் நிரம்பியது. பெட்டியில் சோதித்தால் 0.5-க்கும் கீழே, இளஞ்சிவப்பு கலையவே இல்லை. உறுதிக்காக போர்த் தண்ணீரையும் இதையும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மறுநாள் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடி பாட்டில் ஆகாது. முடிவு வந்தது: போர் 2.6, ஆர்ஓ 0.2.

கழிவுத் தண்ணீர் விஷயம் பாக்கி இருந்தது. அம்மா அதை வீணாக்க மாட்டார், குழாயை மாட்டுத் தொட்டியில் விட்டிருந்தார். அதில் பேனாவை வைத்தால் 1490. போரில் இருந்ததைவிட உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, ஃபுளோரைடும் அந்த அளவுக்குக் கூடியிருக்கும். மாட்டுக்கும் ஃபுளோரோசிஸ் வரும், பல் தேயும், மூட்டு பிடித்துக்கொள்ளும். குழாயைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கும் கக்கூஸ் டிரம்முக்கும் மாற்றிவிட்டேன். கீரைப் பாத்திக்கும் வேண்டாம் என்றேன், மண் உப்பாகிவிடும்.

சமையலுக்கு அம்மா போர்த் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். குடிக்க மட்டும் ஃபில்டர் என்று பல வீடுகளில் இருக்கும் வழக்கம் அது. களி கிண்டும்போது ஊற்றுகிற தண்ணீர் முழுக்க களிக்குள்தானே போகிறது, சோறும் அப்படித்தான். இப்போது வரத்து தாராளமாக இருப்பதால் உலைக்கும் ஆர்ஓ தண்ணீர்தான். கனிமச்சத்தெல்லாம் போய்விடுமே என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஒரு உருண்டை களியில் கிடைப்பதை ஒரு குடம் தண்ணீரில் தேட வேண்டாம் மாமா என்றேன். போதாததற்கு, கால்சியம் உள்ள சாப்பாடு ஃபுளோரைடு உடம்பில் சேர்வதையும் குறைக்கும்.

ருசிக்கு ஒரு வழி சொன்னேன். ஆர்ஓ தண்ணீரை மண்பானையில் ஊற்றிவைத்தார் அம்மா. இரண்டு நாளில் சப்பென்று இருக்கிறது என்ற பேச்சே நின்றுவிட்டது.

மெஷினின் முகப்பில் பச்சை, சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. ஃபில்டர் மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு, இத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கில் எரிவது. உள்ளே தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. 480 வந்த நாட்களிலும் பச்சைதான் எரிந்திருக்கிறது. அந்த விளக்குக்குச் செலவழித்த காசில் இரண்டு முனை வைத்து நிஜமாகவே டிடிஎஸ் அளந்திருக்கலாம், சில மாடல்களில் அப்படி வருகிறது. வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அக்காவின் நகப்பாலிஷை வாங்கி, மூடிய திருகின் மேலும் வால்வின் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். யாராவது திருப்பினால் கோடு விலகித் தெரியும். டிடிஎஸ் பேனாவை மெஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டேன், அதோடு ஒரு சின்ன நோட்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்து எழுத வேண்டும், 100-ஐத் தாண்டினால் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று அம்மா கூப்பிட்டார். "அறுவத்தொண்ணு காட்டுதுடா. கோடும் நேராத்தான் இருக்குது."